37 புள்ளிகள்

2020 மார்ச் 25. ஊரடங்கின் முதல் நாள். சென்னையில் ஒற்றை அறை வீடு, நான் ஒருவன். காபி டம்ளரைக் கழுவி வைத்தபின் பேச ஆள் இல்லை. அரிசிமாவு மட்டும் இருந்தது.

வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்தேன். நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4 என இடைப்புள்ளி. மொத்தம் 37. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்க வேண்டும். மனம் அலைந்தால் இழை தடிக்கும். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடுவதில்லை. வளைந்து, அணைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும். ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் இந்த நெளிவுகளைக் கணினி இலக்கணமாக்கி ஆராய்ந்ததில் வியப்பில்லை.

படமெடுத்து மதுரையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"டேய், மூணாவது வரிசையில ஒரு புள்ளிய அநாதையா விட்டுட்டியேடா!"

மறுநாள் அவள் ஒரு கோலம் அனுப்பினாள். அதைப் பார்த்து நான் போட்டேன். அதற்குள் எதிர்வீட்டு வாசலிலும் ஒரு கோலம் முளைத்திருந்தது. போட்டவரை இன்னும் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் என் கோலத்தில் பாதியை எறும்புகள் தின்றிருந்தன. விருந்தாளிகள் வந்துபோன வீடு போலிருந்தது வாசல்.