பேராசிரியர் எலியேசரும் வீழாத இலத்திரனும்

யாழ்ப்பாணத்துத் தமிழருள், பௌதிகத்தின் அடித்தள வினாவொன்றிலே தம் பெயரை உலகறியப் பொறித்தவர் பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் ஆவர். 1918இல் பிறந்து 2001இல் மறைந்த இப்பெரியாரைப்பற்றி நம்மவர் எழுதியவை பல. ஆயின், யாம் வாசித்தவற்றுட் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. கேம்பிரிட்ஜிலே டிராக்கின் மாணவர், 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர், 1959இல் மலாயா, 1968இல் மெல்போர்ண் நகரத்து லா துரோப் பல்கலைக்கழகம், ஈற்றிலே ஈழத்தமிழர்பொருட்டு அவர் ஆற்றிய பொதுப்பணி. இவை யாவும் மெய்யே. எனினும், அவர் கண்டது யாது என்னும் வினாவுக்கு இவற்றுள் விடையில்லை.

தவில்மேதை தட்சிணாமூர்த்தியைப்பற்றி நம்மூரார் பேசும் முறையை இங்கே நினைத்தல் தகும். அவர் பெற்ற பட்டங்களை எவரும் முதலிற் சொல்வதில்லை. அவரது கணக்கையும் கைவேகத்தையும் நாதத்தையுமே எடுத்து நெடுநேரம் வாதிடுவர். கலைஞனை அவன் தொழிலால் அளக்கத் தெரிந்த நாம், அறிஞனை மட்டும் அவன் இருந்த கதிரையால் அளப்பது விந்தையே.

எலியேசர் எடுத்துக்கொண்ட பொருள் இது. ஆர்முடுகும் இலத்திரன் கதிர்வீசும். கதிர்வீசினாற் சக்தியை இழக்கும். இவ்விழப்புக்குரிய சூத்திரத்தை 1897இல் லாமர் தந்தார். சக்தியை இழக்கும் பொருளின் இயக்கம் மாறல் வேண்டும். ஆகவே, தான் வீசிய கதிரின் மறுதாக்கம் அவ்விலத்திரனையே வந்து தாக்கும். அவ்விசையை ஆபிரகாமும் லோறன்ஸும் கணித்தனர். நியூற்றன் விதியிலே விசை ஆர்முடுகலைத் தருவது. இங்கோ, மறுதாக்க விசையானது ஆர்முடுகல் மாறும் வீதத்தைப் பொறுத்தது. பின்வந்த துன்பமெல்லாம் இவ்வொரு வேறுபாட்டிற் பிறந்ததே.

1938இல் டிராக், இலத்திரனைப் பருமனில்லாப் புள்ளியாகக் கொண்டு, சார்புக் கொள்கைக்கு இயைய இச்சமன்பாட்டைப் புதிதாகப் பெற்றார். அதன் தீர்வுகளுட் சில நகைப்புக்கிடமானவை. புறவிசை யாதுமின்றியே இலத்திரன் தானாக வேகம் பெருகி ஓடிவிடும். அதுவும் ஒரு செக்கனை 10இன் 24ஆம் அடுக்கால் வகுத்து, வந்ததை ஏறத்தாழ 6 மடங்காக்கினாற் கிடைக்கும் நுண்காலத்தை அளவாகக் கொண்டு, ஆர்முடுகல் மேன்மேலும் பெருகும். டிராக் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்: இறுதியில் ஆர்முடுகல் அற்றுப்போகும் தீர்வுகளையே கொள்ளல் வேண்டும், ஓடுவனவற்றைத் தள்ளிவிடல் வேண்டும்.

எலியேசர் 1943இல் வெளியிட்ட கட்டுரை ஐதரசன் அணுவை இச்சமன்பாட்டின்முன் நிறுத்தியது. புரோத்தனை நோக்கி நேர்கோட்டிலே விழும் இலத்திரன் என்னாகும்? ஒன்றையொன்று கவரும் இரண்டு ஏற்றங்கள். விழுந்து மோதும் என்றே எவரும் கூறுவர். மோதாது என்கிறது சமன்பாடு. அண்மிக்குந்தோறும் கவர்ச்சி எல்லையின்றி வளர, இலத்திரனின் உள்நோக்கிய ஆர்முடுகல் அதற்கு ஈடாக வளரமாட்டாது பின்தங்கும். பின்தங்கிய பின்னர் சமன்பாடே அவ்வார்முடுகலைக் குறைத்து, சுழியாக்கி, எதிர்த்திசைக்குத் திருப்பிவிடும். இலத்திரன் ஒரு கணம் நின்று, தன்னைக் கவரும் புரோத்தனைப் புறக்கணித்து, ஒளியின் வேகத்தை அணுகியவாறு அப்பால் ஓடும். டிராக்கின் நிபந்தனையும் இங்கே உதவாது. தள்ளத்தக்க தீர்வுகள் உளவேயன்றிக் கொள்ளத்தக்க தீர்வு ஒன்றேனும் இல்லை.

இதனை அறிந்தபின் ‘டிராக்கின் மாணவர்’ என்னும் தொடரை மீண்டும் நோக்குக. ஆசிரியரோ 1933இலேயே நோபெல் பரிசு பெற்றவர். அவர் வகுத்த சமன்பாட்டைப் போற்றியிருத்தல் எளிது. இவரோ அதனை அது உடையும் இடம்வரை விடாது பின்தொடர்ந்து, உடைந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். நம் கட்டுரையாளர் பெருமையை ஆசிரியரின் பெயரிலே தேடினர். அது அப்பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கணக்கிலன்றோ இருந்தது!

அணுவின் இயல்பு சொட்டுக் கொள்கையால் விளங்கிவிட்டபின், பழம் பௌதிகத்தில் இதனை ஆராய்ந்து பயனென்ன எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின், நோய் பழம் பௌதிகத்துக்கு மட்டும் உரியதன்று. புள்ளியாகிய ஏற்றத்தின் தற்சக்தி முடிவிலியாதல் சொட்டுக் கொள்கையிலும் தொடர்ந்தது. தொமொனாகா, சுவிங்கர், ஃபெயின்மன் ஆகியோர் 1940களிலே முடிவிலிகளை ஒதுக்கிக் கணிக்கும் முறைகளை வகுத்து, 1965இல் நோபெல் பரிசு பெற்றனர். டிராக் இறுதிவரை அம்முறையில் மனநிறைவு கொண்டாரல்லர். எலியேசரும் குறை கூறியதோடு அமைந்துவிடவில்லை. 1948இல், ஆர்முடுகல் மாறும் வீதத்தின் இடத்தே புறவிசை மாறும் வீதத்தை வைத்து வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். தானே ஓடும் தீர்வுகள் அதில் எழுவதில்லை. 1990களில் ஃபோர்ட், ஓகொனெல் என்போர் வேறு வழியால் அவ்வடிவையே அடைந்தனர். இன்று ஆய்வாளர் அதனை மூவர் பெயராலும் வழங்குகின்றனர்.

பரிசோதனை பின்னரே வந்தது. 2018இல் இங்கிலாந்தின் றதர்போட் அப்பிள்ரன் ஆய்வுகூடத்திலே, ஜெமினி என்னும் வன்மைமிக்க லேசர்க் கற்றைக்கு எதிரே அதிவேக இலத்திரன்களைச் செலுத்தி, மறுதாக்கத்தால் அவை இழக்கும் சக்தியை அளந்தனர். அவ்வாண்டே, செர்ன் ஆய்வுகூடத்திற் சிலிக்கன் பளிங்கினூடே பொசித்திரன்களைச் செலுத்திய பரிசோதனையின் பெறுபேறும் வெளிவந்தது. சொட்டு விளைவுகளையும் சேர்த்த கணிப்புகளே அளவீடுகளுக்குக் கிட்டியவையாயிருந்தன. எலியேசரின் கட்டுரைக்கு அப்போது 75 வயது.

இத்தகைய பொருளைத் தமிழிற் சொல்லவியலாது என்னும் சாட்டும் நில்லாது. ஆர்முடுகல், ஏற்றம், சமன்பாடு, தீர்வு முதலிய பாடநூற் சொற்களே இங்கு எமக்குப் போதுமாயின. சார்புக் கொள்கையை விடுத்தால், நேர்கோட்டு வீழ்ச்சிக்குரிய சமன்பாட்டின் எளிய வடிவம் நுண்கணிதம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவன் எழுதத்தக்கது. ஆர்முடுகல் கவர்ச்சிக்குப் பின்தங்குவதையும், அதனால் நேரும் திருப்பத்தையும் அவன் வரைபிலே காட்டலாம். மாணவர் எவரேனும் அடுத்த மலருக்கு அதனைச் செய்து தருவாராயின், பேராசிரியரைப்பற்றிய இன்னொரு பதவிப் பட்டியலுக்கு முன்னர் அதனையே யாம் வாசிப்போம்.