தாழி வேண்டியவள் விழைவு

புறநானூற்று 256ஆம் செய்யுளில், கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுண்டாக ஈமத்தாழியை அகல வனையுமாறு குயவனை இரக்கின்றாள். இதனை இறப்பு விழைவென்பார் உளர். அது பொருந்தாது. தடுத்த சான்றோரைக் கடிந்து தீப்புகத் துணிந்த பெருங்கோப்பெண்டின் கூற்றே (246) அத்தகையது. வண்டியின் ஆரத்தைப் பற்றிவந்த பல்லியொடு தன்னை ஒப்பிடும் இவளோ, இறக்கும் நாளைக் குறித்தாளல்லள். கிடக்கும் இடத்தையே குறித்தாள்.

இத்தகைய விழைவைத் தொல்பொருள் காட்டுதல் அரிது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லொன்று, கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவனைக் கூறும். அவ்வூர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதுவாரும் உளர். அவன் யாது வேண்டினான்? கல்லை நட்டவர் பிறரன்றோ!

உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்ற முன்விருப்ப ஆவணமும், உயிரை நீட்டிக்கும் மருத்துவத்தை மறுத்தற்கே உரியது. அடக்கத்தை அது பேசாது. தாழியின் அகலத்திற்கு இன்றும் உறவினரையே இரத்தல் வேண்டும்.