விபிஎன்: காவலும் ஓட்டையும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், அலுவலகங்கள் சில நாட்களிலேயே வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. அப்போது பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது, வீட்டிலிருக்கும் கணினியை அலுவலக வலையோடு இணைக்கும் விபிஎன். இன்றும் பலர் அதை முழுக் காவலாகவே நம்புகிறார்கள். அது எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

விபிஎன்னின் வலிமை வழித்தடத்தில் இருக்கிறது. ஊழியரின் மடிக்கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே செல்லும் தரவை அது மறைகுறியாக்குகிறது. பொது வைஃபையில் யாராவது ஒட்டுக்கேட்டாலும் எதுவும் புரியாது. கணக்கு மென்பொருள், கோப்பு சர்வர் போன்றவற்றை இணையத்தில் திறந்து வைக்க வேண்டியதில்லை. செலவும் குறைவு, பழைய மென்பொருள்களும் மாற்றமின்றி ஓடும்.

வழித்தடத்தின் இரு முனைகளில்தான் சிக்கல். ஒரு முனையில், உள்ளே வந்தவர் உண்மையில் யார் என்ற கேள்வி. அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் 2021இல் ஊடுருவியவர்கள், பயன்பாட்டில் இல்லாமலும் மூடப்படாமலும் கிடந்த ஒரு விபிஎன் கணக்கின் வழியே நுழைந்தார்கள். கடவுச்சொல்லைத் தவிர அதற்கு வேறு காவல் இல்லை. எரிபொருள் குழாய்த்தடமே சில நாட்கள் நின்றது. நிறுவனம் 75 பிட்காயின் கப்பம் கட்டியது.

மறுமுனையில், விபிஎன் கருவியே இணையத்தைப் பார்த்து நிற்கிறது. 2024 ஜனவரியில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிகளில் இருந்த குறைகள் தாக்குதலுக்குப் பயன்பட்டதால், அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை அரசுத் துறைகளிடம் அவற்றைச் சில நாட்களுக்குள் துண்டிக்கச் சொன்னது.

விபிஎன்னுக்கு மாற்றாகச் சொல்லப்படுவது ‘ஜீரோ டிரஸ்ட்’. 2009இல் தாக்குதலுக்கு உள்ளான கூகுள், பின்னர் ‘பியாண்ட்கார்ப்’ என்ற பெயரில் இந்த வழிக்கு மாறியது. அலுவலக வலையில் இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாமல், ஆளையும் கருவியையும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே சோதிப்பது இதன் அடிப்படை. ஒரு கணக்கு களவுபோனாலும் சேதம் அந்தக் கணக்குக்கு உரிய எல்லைக்குள் நிற்கும். ஆனால் செலவு, பழைய மென்பொருள்களின் முரண்டு, ஊழியரின் சொந்தக் கைப்பேசி வரை நீளும் கண்காணிப்பு ஆகியவை இதன் குறைகள். மனிதச் சோர்வையும் இது ஒழித்துவிடாது. 2022இல் ஊபர் நிறுவனத்தில், ஓர் ஒப்பந்த ஊழியருக்கு உள்நுழைவு அனுமதி கேட்டு அடுத்தடுத்துக் கோரிக்கைகள் வந்தன. கடைசியில் அவர் ஒன்றுக்குச் சம்மதித்துவிட, தாக்கியவர் உள்ளே நுழைந்தார்.

ஆகவே சிறு நிறுவனம் விபிஎன்னைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கடவுச்சொல்லோடு பாதுகாப்புச் சாவி போன்ற இரண்டாம் சரிபார்ப்பைச் சேர்க்கலாம்; கணக்கருக்குக் கணக்கு சர்வர் மட்டும் எட்டும்படி எல்லை வகுக்கலாம்; மென்பொருள் திருத்தங்களை வந்தவுடன் நிறுவலாம். ஊழியர் விலகும் நாளிலேயே அவர் கணக்கை மூடும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில், எவ்வளவு விலை கொடுத்து ஜீரோ டிரஸ்ட் வாங்கினாலும் வீண் செலவுதான்.