மூன்று நட்சத்திர ஒழுக்கம்: மும்பை டான்ஸ் பார் தடை குறித்துச் சில குறிப்புகள்

மும்பையை எழுதுகிற பலரும் 'தூங்கா நகரம்' என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யார் தூங்காமல் இருக்கிறார்கள், யாருக்காக என்கிற கேள்வி எழுவதேயில்லை. இரவும் பங்கு போடப்பட்ட ஒரு நிலம்தான். யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது அதிகாரம்.

2005இல் மகாராஷ்டிர அரசு பம்பாய் போலீஸ் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. 33ஏ, உணவகம், பெர்மிட் ரூம், பீர் பார் எதிலும் நடனம் கூடாது என்றது. 33பி, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலுமான ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் ஜிம்கானாக்களுக்கும் விலக்களித்தது. இவ்விரண்டையும் ஒரே பிரதியாகச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆட்டம் ஆபாசமென்றால் எங்கே ஆடினாலும் ஆபாசம்தானே? இல்லையாம். பார்க்கிறவன் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கு என்பதைப் பொறுத்ததாம். ஒழுக்கத்தைக் கட்டடத்தின் தரத்தால் அளந்த சட்டம் இது.

பார்களில் பெண்கள் பெரும்பாலும் காக்ரா சோளியோ புடவையோ உடுத்தி இந்தி சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடினார்கள். அதே பாட்டு, அதே இடுப்பசைவு திரையில் வந்தால் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். திரையில் ஆடுகிறவள் நம் முன்னால் இல்லை. பாரில் ஆடுகிறவளோ நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள்; விழுந்த நோட்டை எண்ணுகிறாள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மதுர் பண்டார்கரின் 'சாந்தினி பார்' (2001) படத்தை ஒரு திரையிடலில் பார்த்தேன். கலவரத்தில் குடும்பத்தை இழந்து மும்பைக்கு வரும் மும்தாஜை மாமனே பாருக்குத் தள்ளுகிறான், கெடுக்கிறான். முடிவில் மகளும் ஆட வருகிறாள், மகன் கொலைகாரனாகிறான். நேர்மையான படம்தான். ஆனால் ஆடுகிறவளின் கதை சீரழிவில்தான் முடிந்தாக வேண்டும் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருஷம் கழித்துத் தடை கொண்டுவந்த அரசும் 'பெண்களின் கண்ணியம்' என்றுதான் பேசியது. படத்தின் இரக்கத்துக்கும் அரசின் தடைக்கும் ஒரே மாதிரிப் பெண்தான் தேவைப்பட்டாள்: வாய் திறக்காத, மீட்கப்பட வேண்டிய பெண். ஆனால் அந்தப் பெண்களோ 2005இல் ஆசாத் மைதானத்தில் திரண்டு, எங்கள் பிழைப்பில் கை வைக்காதே என்றார்கள்.

இதற்கு எதிரான ஒரு குரலை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆடியவர்களில் பலர் பேடியா, நட் போன்ற, ஆட்டத்தைப் பரம்பரைத் தொழிலாகச் சுமந்த சமூகங்களிலிருந்து வந்தவர்கள். இதை வெறும் 'சுயதேர்வு' என்று கொண்டாடுவது சாதியை மறைப்பதாகும் எனத் தலித் பெண்ணியவாதிகள் சிலர் வாதிட்டனர். தமிழ் படித்த எனக்கு உடனே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுக்கு வந்தார். அந்த அமைப்பின் உள்ளிருந்து வெளியேறி 1936இல் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதியவர். அவரது கோபத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த சட்டம் வருவதற்குள்ளாகவே சதிர், பரதநாட்டியம் என்று பெயர் மாறி உயர்சாதிப் பெண்களோடு சபா மேடை ஏறிவிட்டது. ஆட்டம் மேலே போச்சு. ஆடியவர்கள் கீழேயே நின்றார்கள். சாதித் தளையை அறுப்பது வேறு, கையிலிருப்பதைப் பிடுங்குவது வேறு. முன்னதற்கு நிலம், படிப்பு, வேலை வேண்டும். பின்னதற்குப் போலீஸ் போதும். மும்பையில் நடந்தது பின்னது.

2006இல் உயர்நீதிமன்றம் தடையைச் செல்லாதென்றது. 2013இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேல்தட்டுக்கு ஓர் ஒழுக்கம், கீழ்த்தட்டுக்கு வேறொன்று என்கிற ஊகத்தை ஏற்க மறுத்ததோடு, வேலை போன பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. அரசு விடவில்லை. 2014இல் மறுபடி ஒரு திருத்தம், 2016இல் புதுச் சட்டம். 2019 ஜனவரியில் அதன் பல நிபந்தனைகள், கண்காணிப்புக் கேமரா உட்பட, அடிபட்டன. ஆனால் ஆட்டம் மாலை 6 மணியிலிருந்து இரவு 11.30 வரைதான் என்கிற வரையறை நின்றது.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2020 ஜனவரியில், அதே மாநில அரசு மும்பையில் மால்களும் உணவகங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. வேலைவாய்ப்பு பெருகும் என்றார்கள். ஆடிப் பிழைத்தவளின் இரவு பதினொன்றரைக்கு முடிகிறது. மாலின் இரவுக்கு முடிவே இல்லை.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் கூட்டங்களில் ஆடுகிறவளைப் பற்றித் தீர்மானம் போடுகிறோம். அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டோமா? அவர்கள் பேசும்போது 'பாவம், தெரியாமல் பேசுகிறாள்' என்று நமக்குள் ஒருவன் முணுமுணுக்கிறானே, அவனிடமும் ஒரு 33பி இருக்கிறது.