உதிரிப் பந்தும் வெற்றியின் கணக்கும்

கால்பந்து ஆட்டம் முடிந்ததும், எந்த அணி எத்தனை விழுக்காடு நேரம் பந்தைத் தன் வசம் வைத்திருந்தது என்ற கணக்கு தவறாமல் வெளியாகிறது; இரு அணிகளுக்கும் சொந்தமில்லாமல் பந்து திரியும் நொடிகளை அந்தக் கணக்கு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கோல்கீப்பர் தொலைவுக்கு உதைத்த பந்துக்காக இருவர் எம்பித் தலையால் முட்டும்போதும், கார்னர் கிக்கைத் தற்காப்பு வீரர் அரைகுறையாக வெளியேற்றும்போதும் பந்து உதிரிப் பந்தாகிறது. முதல் மோதலுக்குப் பின் வந்து விழும் அதனை ‘இரண்டாம் பந்து’ என்று பயிற்சியாளர்கள் அழைப்பர். அதைக் கைப்பற்றுவதை ‘மீட்பு’ என்ற தலைப்பில் புள்ளிவிவர நிறுவனங்கள் தனியே எண்ணுகின்றன.

1999 மே 26 அன்று பார்சிலோனாவின் காம்ப் நூ அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், மான்செஸ்டர் யுனைடெட் அணி பேயர்ன் மியூனிக்கிடம் 0-1 என்று பின்தங்கியிருந்த நிலையில், 90 நிமிடங்கள் கடந்த பின் டேவிட் பெக்காம் அடித்த கார்னர் கிக்கைத் பேயர்னின் நடுக்கள வீரரான தோர்ஸ்டென் ஃபிங்க் சரியாக உதைத்து வெளியேற்ற முடியாமல் போகவே, பந்து பெனால்டி எல்லையின் விளிம்பில் நின்ற ரயன் கிக்ஸிடம் வந்தது. அவர் அடித்த அடியில் வலுவில்லை. எனினும் அது சென்ற வழியில் நின்ற டெடி ஷெரிங்ஹாம் அதைத் திருப்பி வலைக்குள் செலுத்தினார். அடுத்து வந்த கார்னர் கிக்கில் சோல்ஷேர் வெற்றிக் கோலை அடித்தார். முதல் கோலுக்குக் காரணம் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. பந்து எங்கே விழக்கூடுமோ அங்கே ஒருவர் முன்கூட்டியே நின்றிருந்தார் என்பதே அதைவிட முக்கியமானது.

மீட்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அணிகளை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். பந்தை அடிக்கடி இழக்கும் அணிக்கு மீட்பதற்கான வாய்ப்பும் அடிக்கடி அமைவதால், தோற்ற அணியின் கணக்கில் மீட்புகள் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் 1950 முதல் ஆட்டங்களைக் கையால் குறித்துவந்த சார்லஸ் ரீப், பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் விளைவதைக் கண்டு, பந்தை விரைவாக முன்னே அனுப்புவதே சிறந்தது என்று முடிவுகட்டினார். ஆட்டத்தின் பெரும்பாலான நகர்வுகளே அத்தனை குறுகியவை என்பதை அம்முடிவு கணக்கில் கொள்ளவில்லை. ஆயினும் எதிரணியின் கோலுக்கு அருகில் மீட்கப்படும் பந்து தனி மதிப்புடையது என்ற அவருடைய கவனிப்பு இன்றும் செல்லுபடியாகிறது.

அந்த மதிப்புக்கான காரணம் தெளிவானது. பந்தைப் புதிதாகப் பெற்ற எதிரணி வீரர் தலை நிமிர்ந்து களத்தைப் பார்க்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அவருடைய சகாக்களோ தாக்குதலுக்காக அப்போதுதான் விரியத் தொடங்குவதால் தற்காப்பில் இடைவெளிகள் தோன்றுகின்றன. 2008 முதல் 2012 வரை பெப் கார்டியோலா வழிநடத்திய பார்சிலோனாவும், யூர்கன் க்ளோப்பின் டார்ட்மண்டும் பந்தை இழந்த கணத்திலேயே அதைச் சூழ்ந்து நெருக்கும் ‘எதிர் அழுத்த’ முறையை வளர்த்தெடுத்தது இதனால்தான். பாஸ் கொடுக்கும்போதே அருகருகே நிற்கும் அணிக்குத்தான் இம்முறை கைகூடும். சிதறி நிற்கும் அணி எவ்வளவு ஓடினாலும் களைப்புதான் மிஞ்சும்.

பந்தை மீட்கும் திறமைக்கு உயரமோ உடற்கட்டோ இன்றியமையாதது அல்ல என்பதை ஏறத்தாழ ஐந்தரை அடி உயரமே உள்ள என்கோலோ கான்டே நிரூபித்தார். 2015-16 பருவத்தில் பந்தை மிகக் குறைந்த நேரமே தம் வசம் வைத்திருந்த அணிகளுள் ஒன்றான லெஸ்டர் சிட்டி, அவர் நடுக்களத்தில் பறித்துத் தந்த பந்துகளை ஜேமி வார்டியின் வேகத்துக்குத் தீனியாக்கி பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. அதே பருவத்தில் 10ஆம் இடத்தில் முடித்திருந்த செல்சி, அவர் வந்து சேர்ந்த அடுத்த பருவத்தில் பட்டம் வென்றது. லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது. செல்சிக்கு அந்தோனியோ கோன்டே என்ற புதிய பயிற்சியாளரும் வந்திருந்ததால் முழுப் பெருமையையும் ஒருவருக்கே அளிப்பது நியாயமாகாது. என்றாலும் இரு அணிகளின் ஏற்ற இறக்கத்தில் கான்டேயின் பங்கை மறுக்கவே முடியாது.

இப்பணியைச் செய்பவர்கள் கோல் அடிப்பவர்களைப் போலக் கொண்டாடப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. 2003இல் ரியல் மாட்ரிட், பெக்காமை வாங்கிய அதே கோடையில், நடுக்களத்தில் பந்தை மீட்டுத் தந்த க்ளோட் மாக்கெலேலேயைச் செல்சிக்கு விற்றது. நடப்புச் சாம்பியனாக அப்பருவத்தைத் தொடங்கிய மாட்ரிட் நான்காம் இடத்தில் முடித்தது. அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருந்தது. மாக்கெலேலே ஆடிய செல்சியோ 2004-05 பருவத்தின் 38 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துப் பட்டம் வென்றது.