நோயாளி நகர்கிறார், செய்தி நகர்வதில்லை

அறுவைக் கூடத்திலிருந்து ஒரு நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். நான்கு மணி நேரமாக அவருடைய இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் கூடத்து மானிட்டர் பதிவு செய்திருக்கிறது. புதிய படுக்கையருகே உள்ள மானிட்டரில் கம்பிகளை மாட்டியதும் திரை ஒளிர்கிறது. ஆனால் அந்தத் திரையைப் பொறுத்தவரை அவர் முன்கதை ஏதுமற்ற புதியவர். கடந்த நான்கு மணி நேரம் அதற்குத் தெரியாது.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் டாக்டர் ஹியூஸ் டே இதய நோயாளிகளுக்கெனத் தனிக் கண்காணிப்புப் பிரிவைத் தொடங்கினார். அதன் பின் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. எனினும் ஒரு பழைய எண்ணம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது: மானிட்டரின் நினைவு படுக்கைக்குச் சொந்தம், நோயாளிக்கு அல்ல. குறை இங்கேதான் இருக்கிறது.

இதனால் என்ன தீங்கு என்று கேட்கலாம். பழைய எண்கள் மட்டும் போவதில்லை; கருவிக்குக் கொடுத்த கட்டளைகளும் போகின்றன. கையில் கட்டும் இரத்த அழுத்தப் பட்டையைப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை அழுத்தலாம். பச்சிளங்குழந்தைக்கு 150க்கு மேல் போகக் கூடாது என்பது பன்னாட்டு விதி. நோயாளி யார் என்பதைக் கருவிக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் இந்தக் காப்பு பயனற்றதாகிவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் என்பதைச் சொல்ல மறந்தால், இதயம் நின்ற பிறகும் அக்கருவியின் மின்துடிப்பையே இதயத் துடிப்பாக மானிட்டர் எண்ணிவிடலாம். அப்போது அபாய மணி அடிக்காது! சென்றவரின் பதிவை அழிக்க மறந்தாலோ, அவருக்கென வைத்த எச்சரிக்கை எல்லைகள் வந்தவரின் தலைமேல் விழும்.

"செவிலியர் கவனமாக இருக்க வேண்டும்" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஒரு கையில் மூச்சுக் குழாயையும் மறு கையில் மருந்துக் குழாயையும் பிடித்திருப்பவரின் நினைவாற்றலை நம்பி ஒரு கருவியை அமைப்பது நல்ல பொறியியல் ஆகாது.

தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அளவிடும் பகுதியைத் தனியே கழற்றி நோயாளியுடன் எடுத்துச் செல்லும் முறையைப் பிலிப்ஸ், டிரேகர் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்தன. அச்சிறு பெட்டி நோயாளியின் பதிவையும் அமைப்புகளையும் சுமந்து செல்கிறது. இது நல்ல தீர்வே. ஆனால் அது ஒரே நிறுவனத்தின் பொருந்தும் கருவிகளுக்குள் மட்டுமே செல்லும். அடுத்த அறையில் வேறு நிறுவனத்தின் மானிட்டர் இருந்தால், முன்பு மீட்டர் பாதையிலிருந்து அகலப் பாதைக்குச் சரக்கை இறக்கி ஏற்றிய கதைதான். அங்கு மூட்டை சுமந்தவர் கூலியாள். இங்கு எண்களைச் சுமப்பவர் செவிலியர்.

பொதுமொழி இல்லாமலா? அதற்கான குழு 1984இலேயே பணி தொடங்கியது. ஐ.இ.இ.இ. 1073 என்னும் அதன் தரங்கள் பின்னர் வெளிவந்தன. 2016 முதல் 2018 வரை வெளியான 11073 வரிசையின் புதிய தரங்கள், வெவ்வேறு நிறுவனக் கருவிகள் வலையமைப்பில் பேசிக்கொள்ள வழி வகுத்தன. கலப்புக் கருவிகளில் தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது தயாரிப்பாளர் தரப்புக் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இன்று அந்தப் பொறுப்பு கையால் எழுதும் செவிலியர் மீது விழுகிறதே, அது மட்டும் நியாயமா?

ஓர் எச்சரிக்கையும் தேவை. தரவு தானாக ஓடுவது மட்டும் போதாது. அது சரியான ஆளிடம் ஓட வேண்டும். அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்தினால் இருவர் பதிவுகள் ஒன்றாகக் கலக்கக்கூடும். வெற்றுத் திரையைவிட அது கொடியது. ஏனெனில் வெற்றுத் திரை பொய் சொல்லாது. நோயாளியை இரண்டு அடையாளங்களாலாவது உறுதிசெய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் கூறியதன் பொருள் இங்கு விளங்கும்.

ஆகவே மருத்துவமனைகள் மானிட்டர் வாங்கும்போது திரையின் அகலத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. நோயாளி படுக்கை மாறினால் பதிவு உடன் வருமா? வேறு நிறுவனக் கருவிக்கும் போகுமா? ஆள் மாறினால் கருவி தடுத்துக் கேட்குமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே கையொப்பமிட வேண்டும். வாங்குபவர் கேட்காத வசதியைச் செய்பவர் தாமாகக் கொடுப்பது அரிது.