சிப்காட்டும் உள்ளங்காலும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் சிப்காட் தொழிற்பேட்டையை நெருங்கினால் ஜன்னலைச் சாத்துவது பலருக்கும் பழக்கம். அந்த நெடி தெரிந்தவர்களிடம், தோலில் புற்று வந்த ஒருவருக்குப் பிறகு சிறுநீர்ப்பையிலும் கட்டி கண்டது என்று சொன்னால், "எல்லாம் கம்பெனி கொடுத்தது" என்று உடனே பதில் வரும். கோபம் நியாயம்தான். காரணம் சரியா?

இந்தக் கோபத்துக்குப் பலம் சேர்த்தது நாக்பூர் நீரி நிறுவனத்தின் ஆய்வு. சிப்காட் பகுதியில் வாழ்நாள் புற்றுநோய் அபாயம் 2,000 மடங்கு என்று 2008-இல் செய்தி வந்தது. காற்றில் இருந்த வேதிப்பொருட்களின் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. அங்குள்ள குடிகாடு, ஈச்சங்காடு கிராமங்களில் நோயாளிகளை வீடு வீடாக எண்ணி வந்த தொகை அல்ல. எச்சரிக்கைக்கு அது போதும். தனி ஒருவரின் நோய்க்குக் காரணம் காட்டப் போதாது.

ஒரே உடம்பில் தோலும் சிறுநீர்ப்பையும் கெடப் பொதுவான நஞ்சு ஒன்று காரணமாக இருக்கலாம். சிலியின் அன்டோஃபகஸ்டா நகரத்தில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு ஏறத்தாழ 860 மைக்ரோகிராம் இருந்தது; இன்றைய உலக சுகாதார நிறுவன வரம்பு 10. தண்ணீரைச் சுத்தம் செய்த பின்னும் பல பத்தாண்டுகள் அங்கே சிறுநீர்ப்பைப் புற்று குறையவில்லை. ஆர்சனிக் தோலையும் கெடுக்கும். ஆனால் அது தருவது செதிள்செல், அடிச்செல் புற்றுகள். மெலனோமா என்கிற கரும்புற்று வேறு சாதி. சாயத் தொழிலின் அமீன் வகை வேதிப்பொருட்கள் மீதான புகாரும் பழையது: ஃபிராங்க்ஃபர்ட் சாயத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளை லுட்விக் ரேன் 1895-இலேயே எடுத்துச் சொன்னார். அவையும் அங்கேயே முளைத்த கட்டிகள்.

இன்னொரு வழி, தோலின் கரும்புற்று ரத்தத்தில் ஏறிச் சிறுநீர்ப்பையில் இறங்குவது. இது அபூர்வம். வேறிடத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வந்த 282 கட்டிகளை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு ஆராய்ந்தது. பெரும்பாலானவை பெருங்குடல், புராஸ்டேட், கருப்பை வாய் என்று பக்கத்து உறுப்புகளிலிருந்து வந்தவை. தோலிலிருந்து வந்தவை 3.9 சதவீதம் மட்டுமே.

எந்த வழி என்பதை பயாப்சி சொல்லிவிடும். எஸ்-100, எச்எம்பி-45, மெலன்-ஏ என்ற சாயங்களை அந்தச் செல்கள் ஏற்றால் மெலனோமா. அப்படியானால் அந்தக் கட்டியை அநேகமாகச் சிறுநீர்ப்பை உண்டாக்கவில்லை. அது வந்த இடத்தைத் தோலில் தேட வேண்டும். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண். வெள்ளைத்தோலுக்காக எழுதப்பட்ட வெயில் எச்சரிக்கையை அப்படியே இங்கே போஸ்டரில் ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை. வயலில் வெறுங்காலோடு நிற்பவர், பாதத்தில் பரவும் கரும்படலத்தை முள் குத்திய தழும்பு என்பார், கால் ஆணி என்று பிளாஸ்டர் ஒட்டுவார், பிளேடால் சீவுவார். அதற்குள் அது ஆழம் போகும். ஆழத்தை மில்லிமீட்டரில்தான் அளக்கிறார்கள்: 1-க்குள் வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள், 4-ஐத் தாண்டினால் பரவும் அபாயம் மிக அதிகம்.

ஆகவே, உள்ளங்கால் கரும்புற்று சிறுநீர்ப்பைக்குப் போன நோயில் சிப்காட் மீது குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை. சிறுநீர்ப்பையிலேயே பிறந்த கட்டி என்றால் கதை வேறு. அந்த நோயாளி எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று கேட்காத கேஸ் ஷீட் அரைகுறைதான். இரண்டையும் ஒரே கோபத்தில் கலந்தால் லாபம் ஆலைக்குத்தான்: பொருந்தாத ஒரு நோயைக் காட்டி, பொருந்தும் நோய்களையும் தள்ளிவிடும்.

கரும்புற்று வந்த எல்லோருக்கும் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் பாதத்தில் கட்டி எடுத்தவருக்கு வலியில்லாமல் ஒருமுறை சிறுநீர் சிவந்து போனாலும் அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ போகவேண்டும். சிறுநீரக மருத்துவர் காலைப் பற்றிக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பழைய பயாப்சி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.